இத்தாலியப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சிறிய திரைப்படக் கழகத்தில் இத்தாலியப் படம் போடும்போதெல்லாம், படம் முடிந்து டீ குடிப்பதற்குள் இதே சந்தேகங்கள் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. படங்களுக்கு நம்மிடையே எந்தப் பெயர் பழக்கமோ அதையே எழுதியிருக்கிறேன்.

இத்தாலியப் படம்னாலே பைசைக்கிள் தீவ்ஸும் ஃபெலினியும்தானே? வேற என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. ஃபெலினி போன்ற இயக்குநர்கள் எடுத்து, உலகம் முழுவதும் வகுப்பறைகளில் காட்டப்படும் பத்துப் பதினைந்து படங்களைத் தாண்டி, இத்தாலியில் 1950களிலிருந்து 80கள் வரை ஒரு பெரிய தொழிற்சாலையே ஓடியது. ஹெர்குலிஸ் சண்டைப் படங்கள், கௌபாய் படங்கள், கொலைமர்மப் படங்கள், பேய்ப்படங்கள், போலீஸ் படங்கள், வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்க வைக்கும் நகைச்சுவைகள் என்று ஏகப்பட்டது. அந்தக் காலத்து இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தது இவற்றைத்தான்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் சுவர் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கேமராமேன், நடிகர், கதாசிரியர் எல்லாம் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

நியோரியலிசம்னு சொல்றாங்களே, அது என்ன? ஏழைகளைப் பத்தி எடுத்தா நியோரியலிசமா?

ஏழ்மை மட்டும் போதாது. போர் முடிந்த கையோடு, இடிந்து கிடந்த இத்தாலியில், அந்த நிமிடத்து வாழ்க்கையைத் தெருவில் இறங்கி எடுத்த படங்கள் அவை. ரோம் 1944 ஜூனில் விடுதலையாகிறது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இயக்குநர் ரொசெலினி ‘ரோம், ஓப்பன் சிட்டி’ படப்பிடிப்பை ஆரம்பித்துவிடுகிறார். பிலிம் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு. ரோமின் பெரிய ஸ்டூடியோவான சினெசித்தாவில் வீடிழந்த அகதிகள் தங்கியிருந்தார்கள். தெருவில் எடுத்ததில் கொள்கையும் இருந்தது, வேறு வழியில்லாமையும் இருந்தது.

டி சீகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 1948. ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக், கேரி கிராண்டை நாயகனாகப் போட்டால் பணம் தருகிறேன் என்றார். டி சீகா மறுத்துவிட்டு லாம்பெர்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைப் பிடித்தார். அந்த மனிதர் சைக்கிளைத் தேடி நடக்கிற நடையைப் பாருங்கள். தோள் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்கும், பக்கத்தில் ஓடிவரும் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். படம் உலகப்புகழ் பெற்ற பிறகு அவருக்கு ஆலை வேலையும் போய்விட்டது, நடிப்பு வாழ்க்கையும் பெரிதாக அமையவில்லை. படத்தைவிட இது எனக்குக் கனமாகத் தெரியும்.

எல்லோருமே புதுமுகங்கள் என்பதும் சரியில்லை. ‘ரோம், ஓப்பன் சிட்டி’யின் அன்னா மஞ்ஞானியும் ஆல்தோ ஃபப்ரிசியும் மேடையிலும் படங்களிலும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். அதுவும் சிரிக்க வைப்பதில்.

அதுக்கு முன்னாடி இத்தாலியில சினிமாவே இல்லையா?

தாராளமாக இருந்தது. பேசாப்பட காலத்தில் டூரினில் எடுக்கப்பட்ட ‘கபீரியா’ (1914) பிரம்மாண்டத்துக்கு அளவுகோலாகவே ஆனது. இயக்குநர் ஜொவான்னி பஸ்த்ரோனே. கேமராவை வண்டியில் ஏற்றி மெதுவாக நகர்த்தி எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அதில் மசிஸ்தே என்ற பலசாலி அடிமையாக நடித்த பார்த்தொலொமேயோ பகானோ, ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மக்களுக்கு அவரைப் பிடித்துப்போய், மசிஸ்தேவை வைத்தே வரிசையாகப் படங்கள் வந்தன. ஒரு பாத்திரம் ஓடினால் அதை விடாமல் பிழிவது அப்போதே தொடங்கிவிட்டது.

முசோலினி காலத்தில் 1932-இல் வெனிஸ் திரைப்பட விழா, 1935-இல் திரைப்படப் பள்ளி, 1937-இல் சினெசித்தா. அப்போது அதிகம் வந்தவை பணக்கார வீட்டுக் காதல் நகைச்சுவைகள். அந்த வீடுகளில் கட்டாயம் ஒரு வெள்ளை டெலிபோன் இருக்கும், அதனால் ‘வெள்ளை டெலிபோன் படங்கள்’ என்று கேலிப்பெயர். நியோரியலிசத்தின் கோபம் இவற்றின் மேலும்தான்.

அவ்வளவு நல்லா இருந்ததுன்னா நியோரியலிசம் ஏன் சீக்கிரம் நின்னுபோச்சு?

இத்தாலிய ஜனங்களுக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. தன் வீட்டு வறுமையைக் காசு கொடுத்துப் பார்க்க யாருக்கு ஆசை? ‘ரோம், ஓப்பன் சிட்டி’ நன்றாக ஓடியது. அப்புறம் வந்தவற்றில் பல ஓடவில்லை. அரசும் முகம் சுளித்தது. 1949-இல், அரசில் சினிமாவுக்குப் பொறுப்பாக இருந்த அந்திரெயோத்தி கொண்டுவந்த சட்டம் உள்நாட்டுப் படங்களுக்கு உதவி கொடுத்தது, ஆனால் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று கருதிய படத்துக்கு உதவியையும் ஏற்றுமதி அனுமதியையும் மறுக்க வழி வைத்தது. ‘உம்பெர்தோ டி’ (1952) வந்தபோது அந்திரெயோத்தி அதை வெளிப்படையாகவே கண்டித்தார். பென்ஷன் போதாத ஒரு கிழவரும் அவர் நாயும், அவ்வளவுதான் கதை. கிழவராக நடித்தவர் ஒரு மொழியியல் பேராசிரியர்.

இந்த ஹெர்குலிஸ் படமெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? ஏன் ஒரே மாதிரி இத்தனை?

1958-இல் ‘ஹெர்குலிஸ்’ வந்தது. நாயகன் ஸ்டீவ் ரீவ்ஸ் என்ற அமெரிக்க ஆணழகன். அமெரிக்க விநியோகஸ்தர் ஜோசப் லெவின் அதை மலிவாக வாங்கி, விளம்பரத்தைக் கொட்டி, அங்கேயும் ஓட வைத்தார். உடனே ரோமில் எல்லோரும் எண்ணெய் தடவிய உடம்பைத் தேட ஆரம்பித்தார்கள். ‘பென்-ஹர்’ மாதிரி ஹாலிவுட் படங்கள் சினெசித்தாவில் எடுக்கப்பட்டதால் ரோமானிய உடையும் அரங்கமும் போடத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

இதுதான் அந்தத் தொழிலின் சூத்திரம்: ஒன்று ஓடினால் அதே தடத்தில் வேகமாக, மலிவாக இருபது முப்பது. பக்கத்து நாட்டுத் தயாரிப்பாளரோடு கூட்டு வைத்து செலவைப் பங்கு போடுவது. ஜனங்களுக்குச் சலித்ததும் அந்தத் தடத்தைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுவது. புராணச் சண்டைப் படங்கள் ஆறேழு ஆண்டு ஓடி 1965 வாக்கில் ஓய்ந்தன. தாவிய இடம் எது என்பது அடுத்த கேள்வி.

கௌபாய் படம் அமெரிக்காக்காரன் சொத்து. இத்தாலிக்காரனுக்கு அதுல என்ன வேலை?

அமெரிக்காவில் அந்த வகை தேய்ந்துகொண்டிருந்தது, ஐரோப்பியர்களுக்கு ஆசை தேயவில்லை. 1964-இல் செர்ஜியோ லியோனி, இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பில் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்பட்டும் என்று தன் பெயரை பாப் ராபர்ட்சன் என்று போட்டுக்கொண்டார். இசையமைத்த மோரிகோனி டான் சாவியோ ஆனார். க்ளின்ட் ஈஸ்ட்வுட் அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நடிகர், சம்பளம் 15,000 டாலர். பாலைவனம் ஸ்பெயினின் அல்மேரியா.

பழைய அமெரிக்கப் படங்களில் ஷெரீஃப் நல்லவர், சட்டம் வெல்லும். இங்கே எல்லோரும் காசுக்காக வந்தவர்கள். சவரம் செய்யாத முகம், அழுக்கு, வியர்வை. சுடுவதற்கு முன்னால் முகத்தை மட்டும் நிமிடக்கணக்காகக் காட்டுவார் லியோனி. கண், விரல், ஈ. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) தொடக்கத்தில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தில் ஈ, ஒருவர் தொப்பியில் சொட்டும் தண்ணீர், எங்கோ கிறீச்சிடும் காற்றாடி. பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய இவ்வளவுதான். தியேட்டரில் பார்த்தால் மூச்சு நின்றுபோகும்.

லியோனியோடு இது முடியவில்லை. செர்ஜியோ கொர்புச்சியின் ‘ஜாங்கோ’ (1966) சேற்றில் சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் நாயகனோடு ஆரம்பிக்கும். மெக்சிகோ புரட்சியைக் களமாக வைத்து அரசியல் பேசிய கௌபாய் படங்கள் தனிக் கிளை. 1970-இல் ‘டிரினிட்டி’ வந்து எல்லாவற்றையும் கேலிக்கூத்தாக்கியது. அதில் டெரன்ஸ் ஹில்லும் பட் ஸ்பென்சரும் துப்பாக்கியைவிடக் கன்னத்தில் விடும் அறையைத்தான் நம்புவார்கள். இருவருமே இத்தாலியர்கள். பட் ஸ்பென்சர் உண்மையில் கார்லோ பெதெர்சோலி, ஒலிம்பிக்கில் நீந்தியவர், நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர்.

ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் குரோசாவா படத்தோட காப்பிதானே? மழுப்பாம சொல்லுங்க.

ஆமாம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) படத்தின் கதை, காட்சி வரிசை எல்லாம் அனுமதியில்லாமல் எடுத்தாளப்பட்டவை. குரோசாவா தரப்பு உரிமை கேட்டது, சமரசத்தில் உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான் விநியோகமும் அவர்களுக்குப் போனது. அமெரிக்காவில் படம் 1967-இல்தான் வெளியானது. காப்பி என்பதால் லியோனியின் பாணி இல்லாமல் போய்விடாது, பாணி இருக்கிறது என்பதால் காப்பி இல்லாமலும் போய்விடாது.

ஏன் உதடு ஒண்ணு பேசுது, குரல் ஒண்ணு வருது? டவுன்லோட் கோளாறா?

கோளாறு இல்லை. இத்தாலியில் பல பத்தாண்டுகள் படப்பிடிப்பில் குரல் பதிவே முக்கியமில்லை, எல்லாம் அப்புறம் டப்பிங் அரங்கில்தான். ‘ரோம், ஓப்பன் சிட்டி’ கூடக் காசு மிச்சம் பிடிக்க ஒலியில்லாமல் எடுத்து பிறகு குரல் சேர்த்த படம். முசோலினி காலத்தில் வெளிநாட்டுப் படங்கள் இத்தாலிய மொழிக்கு மாற்றித்தான் வர வேண்டும் என்று சட்டம் இருந்ததால் டப்பிங் கலைஞர்களின் பெரிய படையே வளர்ந்துவிட்டது. லாரல்-ஹார்டியில் ஹார்டிக்கு இத்தாலியக் குரல் கொடுத்தவர் ஆல்பெர்தோ சோர்தி, பின்னால் அந்த நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவை நட்சத்திரம்.

கூட்டுத் தயாரிப்பில் அமெரிக்கர் ஆங்கிலம் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலியம், பின்னால் நிற்பவர் ஸ்பானியம். ஃபெலினி சிலரை வெறும் எண்களைச் சொல்லச் சொல்லிப் படம் பிடித்துவிட்டு வசனத்தைப் பிறகு எழுதினார்.

அப்போ எந்த மொழியில் பார்ப்பது? என் வழி இது: நியோரியலிசம், நகைச்சுவை, ஃபெலினி எல்லாம் இத்தாலியத்தில். லியோனியின் ஈஸ்ட்வுட் படங்கள் ஆங்கிலத்தில், ஏனென்றால் அதில்தான் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் இருக்கிறது. கொலைமர்மப் படங்களுக்கு நாயகன் வாயசைப்பு எந்த மொழியோடு பொருந்துகிறதோ அது.

ஜியாலோன்னா பேய்ப்படம்தானே?

இல்லை, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜியாலோ என்பது இத்தாலியக் கொலைமர்மப் பட வகை, அதில் கொலைகாரன் மனிதன். இத்தாலியத்தில் ஜியாலோ என்றால் மஞ்சள். மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் போட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர் அது. கறுப்புக் கையுறை, கத்தி, தற்செயலாகக் கொலையைப் பார்த்துவிடும் சாதாரண ஆள், பார்த்ததில் ஏதோ ஒன்று நினைவுக்கு வராமல் அவர் தவிப்பது. அதுதான் கட்டமைப்பு. மரியோ பாவா 1963, 64-இல் எடுத்த இரண்டு படங்கள் வழி போட்டன. டாரியோ அர்ஜென்டோ 1970-இல் முதல் படத்திலேயே அதை வசூல் வகையாக்கினார். அவருடைய ‘டீப் ரெட்’ (1975) இந்த வகையின் உச்சம் என்பேன். விடை ஆரம்பத்திலேயே திரையில் காட்டப்பட்டுவிடும், நாம்தான் கவனிக்க மாட்டோம்.

அதே அர்ஜென்டோவின் ‘சஸ்பீரியா’ (1977) ஜியாலோ இல்லை. அது சூனியக்காரிகள் கதை, அதாவது பேய்ப்பட வகை.

காமெடி படம் எதையும் யாரும் சொல்றதே இல்லையே?

அதுதான் எனக்கும் வருத்தம். என்னைக் கேட்டால் இத்தாலியர்கள் தங்களைப் பற்றி உண்மையாகப் பேசிய இடம் அதுதான். நியோரியலிசத்தின் பசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் அங்கே அப்படியே இருக்கும், ஆனால் சிரிப்பாக. மொனிச்செல்லியின் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ (1958): திருடத் தெரியாத திருடர்கள் அடகுக்கடையின் பெட்டகத்தைக் குறிவைத்துச் சுவரை இடிக்கிறார்கள். இடித்தது தப்பான சுவர். அப்புறம் அங்கேயே சமையலறையில் உட்கார்ந்து இருந்ததைச் சாப்பிடுகிறார்கள்.

பியெத்ரோ ஜெர்மியின் ‘டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்’ (1961) இன்னும் கூர்மை. அப்போது இத்தாலியில் விவாகரத்துக்கு வழியில்லை. ஆனால் மானத்துக்காக மனைவியைக் கொன்றால் குற்றவியல் சட்டத்தின் 587-வது பிரிவில் தண்டனை குறைவு. எனவே சிசிலியின் பிரபு ஒருவர் மனைவிக்குக் கள்ளக்காதலனைத் தேட ஆரம்பிக்கிறார், கையும் களவுமாகப் பிடித்துச் சுடுவதற்கு. பிரபுவாக நடித்த மாஸ்ட்ரொயானி வாய் ஓரத்தை ஒரு மாதிரி உறிஞ்சிக்கொண்டே திட்டம் போடுவார். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. விவாகரத்துச் சட்டம் 1970-இல் வந்தது. அந்த 587-வது பிரிவு 1981 வரை இருந்தது என்பதுதான் சிரிப்பை நிறுத்துகிறது.

எழுபதுகள்ல திடீர்னு போலீஸ் படமா வருதே, ஏன்?

செய்தித்தாளே காரணம். 1969 டிசம்பரில் மிலானின் ஒரு வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். 1978-இல் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோ கடத்திக் கொல்லப்பட்டார். நடுவில் கடத்தல், வங்கிக் கொள்ளை, தெருச் சண்டை. அந்தப் பயத்தைக் காசாக்கிய படங்கள் இவை. மேலதிகாரி கையைக் கட்டுவார், கோபக்கார இன்ஸ்பெக்டர் சட்டத்தைத் தாண்டுவார், சின்ன ஃபியட் கார்கள் சந்து சந்தாகத் துரத்தும். பெரும்பாலானவை ஒருமுறை பார்க்கலாம். ஃபெர்னாந்தோ தி லியோவின் ‘மிலானோ காலிப்ரோ 9’ (1972) மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கலைப்படம், மசாலாப்படம் ரெண்டுக்கும் நடுவுல சுவரே இல்லன்னீங்களே, ஆதாரம்?

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ மழைக் காட்சியில் ஒதுங்கி நிற்கும் பாதிரி மாணவர்களில் ஒருவர் இளம் செர்ஜியோ லியோனி. கலைப்பட இயக்குநர் பசோலினியின் முதல் படம் ‘அக்காத்தோனே’வுக்கும், லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’க்கும் கேமரா ஒரே ஆள், தொனினோ தெல்லி கொல்லி. ரயிலுக்குக் காத்திருக்கும் அந்த லியோனி படத்தின் கதையை அவரோடு சேர்ந்து யோசித்தவர்கள் அர்ஜென்டோவும் கலைப்பட இயக்குநர் பெர்தொலூச்சியும். பசோலினியே ஒரு கௌபாய் படத்தில் பாதிரியாராக நடித்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த ஆதாரம் ஜான் மரியா வொலொந்தே. லியோனியின் முதல் இரண்டு டாலர் படங்களின் வில்லன் அவர். 1970-இல் எலியோ பெத்ரியின் படத்தில், காதலியைக் கொன்றுவிட்டுத் தனக்கு எதிரான தடயங்களைத் தானே விட்டுப்போகும் போலீஸ் அதிகாரி. என்னை யார் தொட முடியும் என்ற அந்தத் திமிரைப் பார்த்தால் டாலர் படங்களில் மெக்சிகோ கொள்ளைக்காரனாகச் சிரித்த அதே சிரிப்பு தெரியும். பெத்ரியின் அந்தப் படம் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

ஜோம்பி 2 பார்த்தேன். முதல் பாகம் எங்கே தேடியும் கிடைக்கல.

கிடைக்காது. ரொமேரோவின் அமெரிக்கப் படம் ‘டான் ஆஃப் தி டெட்’ இத்தாலியில் ‘ஜோம்பி’ என்ற பெயரில் ஓடியது. அந்த அலையில் ஏறிக்கொள்ள லூச்சியோ ஃபுல்சியின் 1979 படத்துக்கு ‘ஜோம்பி 2’ என்று பெயர் வைத்தார்கள். கதைத் தொடர்பு கிடையாது. ஹெர்குலிஸ் பதிலில் சொன்ன சூத்திரம்தான். ‘ஜாங்கோ’ பெயரில் வந்தவையும் அப்படியே. முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஃபிராங்கோ நீரோ திரும்ப வந்த அதிகாரபூர்வத் தொடர்ச்சி 1987-இல் ஒன்றே ஒன்று.

இதுல பாதி வெறும் ரத்தமும் பெண்களைக் கேவலப்படுத்துறதும்தானே? ஏன் கொண்டாடணும்?

பாதி என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் புகார் நியாயமானது. ஜியாலோவில் பெண் சாவதைக் கேமரா ரசிக்கிறது, அதை மறைக்க முடியாது. ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) இயக்குநர் தெயோதாத்தோ, நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு அவர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. நடிகர்கள் பிழைத்தார்கள், விலங்குகள் நிஜமாகவே கொல்லப்பட்டன. நாங்கள் அதைத் திரையிடுவதில்லை. திரையிடச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பெண் இயக்குநர்களே இல்லையா?

குறைவு, ஆனால் ஆரம்பத்திலிருந்தே உண்டு. நேப்பிள்ஸில் எல்வீரா நொத்தாரி பேசாப்பட காலத்தில் சுமார் அறுபது முழுநீளப் படங்கள் எடுத்தார். மிஞ்சியவை சில. சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண் லீனா வெர்த்முல்லர், ‘செவன் பியூட்டிஸ்’ படத்துக்காக. இப்போது அலிச்சே ரோர்வாக்கர் இருக்கிறார். நடிகை பவுலா கொர்த்தெல்லெசி முதன்முதலாக இயக்கிய ‘தேர்ஸ் ஸ்டில் டுமாரோ’ (2023) கறுப்பு வெள்ளையில், 1946-இன் ரோமில் கணவனிடம் அடிவாங்கும் பெண்ணின் கதை. இத்தாலியில் பெரும் வசூல். முடிவைப் படிக்காமல் போய்ப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய தொழில் ஏன் படுத்துச்சு?

தொலைக்காட்சி. 1976-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தனியார் உள்ளூர் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. நூற்றுக்கணக்கில் முளைத்த நிலையங்கள் நாள் முழுக்கப் பழைய படங்களை ஓட்டின. 1955-இல் 80 கோடிக்கும் மேல் விற்ற டிக்கெட், 1985 வாக்கில் 12 கோடி அளவுக்கு இறங்கியது. மலிவு ஜானர் படங்களுக்குச் சோறு போட்டவை கிராமத்து, புறநகர்த் தியேட்டர்கள். அவைதான் முதலில் மூடின. மிஞ்சியவை கிறிஸ்துமஸ் காமெடிகளும், திரைவிழாப் படங்களும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1952-இல் பம்பாயில் தொடங்கிய, இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது, அதில் நியோரியலிசப் படங்கள் இருந்தன. சத்யஜித் ராய் அதற்கு முன்பே லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்திருந்தார். கௌபாய் அலை ஜெய்சங்கரை வைத்து கர்ணன் எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (1972) வரை அடித்தது. அப்புறம் சிவகாசி லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் நமக்குப் பழக்கமான டெக்ஸ் வில்லர் அமெரிக்கர் இல்லை, 1948-இல் பிறந்த இத்தாலியச் சரக்கு. 1985-இல் அவரை வைத்துப் படமும் வந்தது. காமிக்ஸுக்குப் பக்கத்தில்கூட அது வராது.

ஒரே படம் மூணு நீளத்துல கிடைக்குதே, எதைப் பார்க்கணும்?

ஏற்றுமதிக்கு வெட்டுவது வழக்கமாக இருந்ததால் வந்த வினை. ‘டீப் ரெட்’ இத்தாலியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஏற்றுமதிப் பிரதி அதைவிட இருபது நிமிடம் குறைவு. அங்கே நீளமானதைப் பாருங்கள். விஸ்கோன்தியின் ‘தி லெப்பர்ட்’ (1963) மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் பிரதிதான் அவருடையது. அமெரிக்காவில் வெட்டி, ஆங்கிலம் சேர்த்து வந்ததைத் தவிருங்கள்.

‘சினிமா பாரடைசோ’ மட்டும் தலைகீழ். 1988-இல் இத்தாலியில் 155 நிமிடமாக வந்து ஓடவில்லை. 124 நிமிடமாகச் சுருக்கியதுதான் உலகம் பார்த்ததும், ஆஸ்கர் வாங்கியதும். 2002-இல் இயக்குநர் தொர்னதோரே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பிரதியை வெளியிட்டார். அதில் நாயகன் வளர்ந்தபின் பழைய காதலியைச் சந்திக்கிறான், தியேட்டரில் படம் ஓட்டும் ஆல்ஃபிரெதோ தாத்தா செய்த ஒரு காரியமும் வெளிவருகிறது. முதலில் 124 நிமிடத்தைப் பார்த்துவிடுங்கள். தாத்தாவைப் பற்றிய எண்ணம் மாறினாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் பெரியதைப் போடலாம்.